ஏமாறாதவர் சான்றிதழ்

உத்திரமேரூர் வட்டாரத்தில் இனி ஒருவரும் ஏமாறக் கூடாது என்று மேலிடம் முடிவு செய்தது 2008ஆம் வருஷம் மாசி மாதத்தில். அதுவரை ஜனங்கள் ஒரு படிவம்கூடப் பூர்த்தி செய்யாமல், தங்கள் இஷ்டத்துக்கு ஏமாந்துகொண்டிருந்தார்கள். கேட்பாரில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து ஊரில் யாரோ ஒருவர் தன் பழைய செல்போனை இன்டர்நெட்டில் விற்கப் போய், போனும் போய்க் காசும் வராமல் நடுத்தெருவில் நின்று கத்தினார். அது பேப்பரில் ஓர் அங்குலத்துக்கு வந்தது. உடனே, ‘இதன்பேரில் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?’ என்று மேலிருந்து ஒரு கடிதம். போனைப் பறிகொடுத்தவரைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கடிதத்துக்குப் பதில் எழுத ஆள் வேண்டுமே! பழைய விதைக் கிடங்கு ஒன்றைப் பெருக்கி, எலிகளை முடிந்தவரை விரட்டி, நாலு நாற்காலி போட்டு, ‘மின்வழிப் பழம்பொருள் விற்பனை மோசடித் தடுப்பு, விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் நீளத்துக்குப் பலகை போதவில்லை. பெயின்டர் சுவரிலேயே எழுதிக்கொண்டு போனதில், ‘குழு’ என்ற சொல் மட்டும் மூலை திரும்பிப் பக்கத்துச் சந்தில் போய் நின்றது.

இந்தக் கதையெல்லாம் தெரியாத அப்பாவி, பஜார் தெரு டெய்லர் சனாவுல்லா. இருபது வருஷமாக ஒரே மிஷின், ஒரே ஸ்டூல். ரவுண்டு சீல் குத்திய காகிதத்தைப் பார்த்தால் எழுந்து நின்று வாங்குகிற மனுஷர். அவருக்கு அந்த வருஷம் ஓர் அதிர்ஷ்டம் வாசல்வரை வந்திருந்தது. பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் பாக்கியமேரி அவரைக் கூப்பிட்டு, முந்நூறு செட் யூனிபார்ம் தைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

“ஆனா ஒண்ணு பாய்,” என்றார் பாக்கியமேரி. “போன வருஷம் ஒருத்தர் தெச்சுக் குடுத்தது ஆறே மாசத்துல ஓரம் பிரிஞ்சி, பசங்க எல்லாம் நூல் தொங்கத் தொங்க வந்து நின்னுதுங்க. இந்த வாட்டி ஓரமெல்லாம் ஓவர்லாக் அடிச்சாத்தான் வாங்குவேன். மே பத்தாம் தேதிக்குள்ள ஓவர்லாக் மிஷினைக் கொண்ணாந்து கண்ணுல காட்டுங்க. இல்லன்னா வாலாஜாபாத் பார்ட்டிக்குக் குடுத்துடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது.”

முந்நூறு செட்! சனாவுல்லா தன் ஆயுசில் அவ்வளவு துணியை ஒன்றாகப் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஓவர்லாக் மிஷின் விலைக்கு இருந்தது. வாங்கக் காசில்லை. ஆனால் வீட்டில் ஒரு வீடியோ கேமரா இருந்தது. தம்பி உபைதுல்லா ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது அண்ணனுக்கு ஆசையாகக் கொடுத்தது. அதை அவர் ஒரே ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போனார். மணமக்களை ஐந்து நிமிஷம் எடுத்துவிட்டு, நிறுத்தத் தெரியாமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றியதில், மீதி ஒன்றரை மணி நேரமும் அவருடைய செருப்புதான் படத்தில் நடந்தது.

“அத வித்துட்டு மிஷினு வாங்குங்க,” என்றாள் அவர் மனைவி உம்முல் குல்சும். காஜா எடுப்பதும், பட்டன் வைப்பதும், கடன் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவள் இலாகா. “உங்க செருப்பு சினிமால நடிச்சது போதும்.”

பிரவுசிங் சென்டர் ஏசுதாஸ் கேமராவைப் போட்டோ பிடித்து, இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டுக் கொடுத்தான். இரண்டாம் நாளே போன் வந்தது. பெருநகர் என்ற பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்னராசு என்ற விவசாயி. பக்கத்து நிலத்துக்காரன் வருஷா வருஷம் வரப்பைச் சுரண்டிச் சுரண்டித் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறானாம். அந்த அக்கிரமத்தைப் படமெடுத்து நாலு பெரிய மனுஷர் முன்னால் போட்டுக் காட்ட அவருக்கு ஒரு கேமரா வேண்டும். செவ்வாய்க்கிழமை காசோடு வருகிறேன், பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். காரியம் முடிந்தது என்று சனாவுல்லா நினைத்தார்.

“முடியல பாய்,” என்றான் ஏசுதாஸ். “நெட்டுல போட்டு விக்கிற பழைய சாமானுக்கெல்லாம் இப்ப கிடங்குல போய் க்ளியரன்ஸ் வாங்கணும். இல்லன்னா என் கடைக்கு சீல் வெச்சுடுவாங்க. உங்க பேர்லயும் நடவடிக்கை.”

“இன்னா நடவடிக்க?”

“அது கிடங்கு நோட்டீஸ் போர்டுல போடல. வெறும் நடவடிக்கைன்னுதான் போட்டுக்கீது.”

அதுதான் சனாவுல்லாவைப் பயமுறுத்தியது. இன்ன தண்டனை என்று தெரிந்தாலாவது மனசு ஒரு நிலைக்கு வரும். “பேசாம பஸ் ஸ்டாண்டுல வெச்சு அந்த ஆள் கைல குடுத்துட்டு, காச வாங்கிக்கினு வாங்க,” என்று குல்சும் தலையில் அடித்துக்கொண்டாள். மனுஷர் கேட்கவில்லை. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார்.

குழுவின் ஒருங்கிணைப்பாளர் சுகுமார், வேறு ஏதோ துறையிலிருந்து வந்தவர். எந்தத் துறை என்பது பல வருஷமாக அயல்பணியிலேயே இருந்ததில் அவருக்கே சரியாக ஞாபகமில்லை. நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார். டீகூடச் சொன்னார். பிறகு பேச ஆரம்பித்தார்.

“பாய், உலகத்துல ரெண்டு வகை ஆளுங்க. ஏமாத்துறவன், ஏமாறுறவன். ஏமாத்துறவனை எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ஏன்னா அவன் விலாசம் எங்ககிட்ட இல்ல. ஏமாறுறவன் விலாசம் இருக்கு. அதனால அவனைத்தான் கட்டுப்படுத்தணும். இதுதான் எங்க குழுவோட அடிப்படைக் கொள்கை.”

சனாவுல்லா சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு பக்கமும் கோப்பு. ஒரு கம்ப்யூட்டரைக் காணோம். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கம்ப்யூட்டரா?” சுகுமார் பரிதாபமாகச் சிரித்தார். “அது வழியாத்தானே பாய் மோசடியே வருது? அதை உள்ள விடுவோமா?”

பதினாலு கலம் உள்ள படிவம் ஒன்று கொடுத்தார்கள். ‘விண்ணப்பதாரர் இதற்கு முன் ஏமாந்துள்ளாரா? ஆம் எனில், யாரால்? ஏமாற்றியவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதா?’ என்று ஒரு கலம் இருந்தது. சனாவுல்லா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒரு தடவை ஒருவர் நாலு ரவிக்கை தைத்துக்கொண்டு காசு கொடுக்காமல் தாமலுக்குக் குடிபோனதை எழுதினார். அந்த ஆளிடமிருந்து கடிதம் வேண்டும் என்று படிவம் திரும்பி வந்தது. அடித்து ‘இல்லை’ என்று எழுதினார். அடித்தல் திருத்தல் கூடாது என்று மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவது படிவத்தில்தான் அவர் வாழ்நாளில் ஏமாறாதவர் ஆனார்.

அப்புறம் கேமரா. விற்பனை முடியும்வரை அது குழுவின் காவலில் இருக்க வேண்டுமாம். துணிப்பையில் போட்டு, வாயைத் தைத்து, நாலு மூலையிலும் அரக்கு சீல் வைக்க வேண்டும்.

“வாங்கறவங்க தொறந்து பாக்கணும்பாங்களே சார்?”

“திறந்தா சீல் உடையும். சீல் உடைஞ்ச பொருளை எவன் நம்பி வாங்குவான்? நீங்களே சொல்லுங்க.”

சனாவுல்லா என்ன தொழில் என்று தெரிந்ததும் சுகுமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையை அவரையே தைத்துக்கொண்டு வரச் சொன்னார். அதோடு நில்லாமல், ரேடியோ, டிவிடி பிளேயர், செல்போன் என்று விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்துக்கிடந்த மற்ற நாற்பது பேர் சாமானுக்கும் சேர்த்து நாற்பத்தொரு பை தைக்கச் சொன்னார். விழிப்புணர்வுக்கு அவருடைய பங்களிப்பாக அது பதிவேட்டில் ஏறும் என்றார். காடாத் துணியும் சனாவுல்லாவுடையதுதான்.

“உங்க கேமராவ புடுங்கி வெக்க, நீங்களே பை தெச்சுக் குடுத்துட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள் குல்சும். “நாஷ்டாவாவது போட்டாங்களா?”

“டீ சொன்னாங்க.”

“வந்துதா?”

வரவில்லை. சொன்னதோடு சரி.

அடுத்த வாரம் மூன்று நாள் விழிப்புணர்வு முகாம். வராதவர் விண்ணப்பம் தள்ளுபடி என்றார்கள். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் கடையில் குவிய, சனாவுல்லா கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்தார். முதல் நாள், யாரையும் நம்பக் கூடாது என்று சுகுமார் இரண்டு மணி நேரம் பேசினார். “நான் சொல்றதை அப்படியே நம்புங்க” என்று முடித்தார். இரண்டாம் நாள், ஏமாறும் முறைகள் என்று பதினெட்டு முறைகளைப் பட்டியல் வாசித்தார்கள். அவற்றில் பாதி சனாவுல்லாவுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. பின் வரிசையில் இருந்த ஒரு வாலிபன் மட்டும் எல்லாவற்றையும் வெகு அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டான். அவன் எந்த ஊர், என்ன சாமான் விற்க வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல மாணவன் என்று அவனுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள். மூன்றாம் நாள், எல்லாரும் எழுந்து வலது கையை முன்னே நீட்டி, ‘நான் ஏமாற மாட்டேன், பிறர் ஏமாறுவதையும் முன் அனுமதியின்றி ஊக்குவிக்க மாட்டேன்’ என்று உறுதிமொழி எடுத்தார்கள்.

இதற்குள் தேதி ஏப்ரல் இருபத்தைந்து ஆகிவிட்டது. பாக்கியமேரி சொன்ன கெடுவுக்குப் பதினைந்தே நாள்.

சின்னராசு சொன்ன செவ்வாய்க்கிழமை தாண்டி, அடுத்த செவ்வாயும் தாண்டி, பொறுக்க மாட்டாமல் பெருநகர் பஸ்ஸில் ஏறித் தானே வந்துவிட்டார். வேட்டி மடிப்பில் பணம். சனாவுல்லா அவரைக் கிடங்குக்குக் கூட்டிப் போனார்.

“காசு இங்க கீது,” என்று மடியைத் தட்டினார் சின்னராசு. “பொருளு உள்ள கீது. காட்டுனா பாத்துட்டு வாங்கிக்கினு, ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன். அவ்ளோதான சமாச்சாரம்?”

சுகுமார் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களே நேர்ல வந்திருக்கீங்க?”

“ஆமா.”

“கையில முழுப் பணத்தோட?”

“ஆமாங்க.”

“எந்தக் கடிதமும் இல்லாம?”

“பொருள் வாங்கறத்துக்கு இன்னாத்துக்குங்க கடுதாசி? நானே வந்துகினேனே!”

சுகுமார் சனாவுல்லாவைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பாய், முகாம்ல என்ன படிச்சோம்? சந்தேகத்துக்குரிய நபர்னா யாரு? ஆவணம் இல்லாதவன். இந்தாளுகிட்ட பேங்க் லெட்டர் இல்ல, இ-மெயில் இல்ல, பாஸ்போர்ட் இல்ல. வெறும் பணம்தான் இருக்கு. எனக்கு என்னவோ மனசுக்குச் சரியாப் படல.”

வாங்குபவர் தகுதிக்கு வேண்டிய ஒன்பது ஆவணங்களின் பட்டியலைச் சின்னராசு கையில் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் சான்றொப்பம் போட்டிருக்க வேண்டும். சின்னராசு பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் கேமரா வாங்க வந்தனா, பொண்ணு கேக்க வந்தனா?” என்றார். “செம பேஜாரா கீதுப்பா” என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற சனாவுல்லாவுக்கு, தன் ஓவர்லாக் மிஷினே பஸ் ஏறிப் போவதுபோல் இருந்தது.

சரியாக நாலாம் நாள் லண்டனிலிருந்து இ-மெயில் வந்தது. டாக்டர் வில்லியம்ஸ் என்று ஒருவர். இருதய நிபுணராம். உத்திரமேரூர் விளம்பரத்தைப் பார்த்தாராம், மனசைப் பறிகொடுத்தாராம், கேட்ட விலையைப்போல் இரண்டு மடங்கு தருகிறாராம். கேமராவைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையாம். டில்லியில் படிக்கும் தன் மருமகனுக்கு அனுப்பினால் போதுமாம்.

“லண்டன்ல கேமராவே கெடைக்கலியாமா?” என்றாள் குல்சும். “கெடைக்காம, டில்லில இருக்கற மருமவனுக்கு உத்திரமேரூர் பஜார்ல தேடறாராமா?”

சனாவுல்லாவுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் குழு கேட்ட ஒன்பது ஆவணங்களையும், கேட்ட ஒரே மணி நேரத்தில் டாக்டர் அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட் நகல், பேங்க் கடிதம், அதில் மூன்று சீல், குடும்பத்தோடு ஒரு போட்டோ, நாய் உட்பட. கேட்காத நன்னடத்தைச் சான்று ஒன்றும் கூடவே வந்தது. ஏசுதாஸ் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து வைத்தான்.

சுகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. “இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு விண்ணப்பதாரரை நான் பார்த்ததில்லை பாய். மூணு பிரதி கேட்டோம். மூணு பிரதி வந்திருக்கு. நம்ம ஜனங்க ஒரு நகல் எடுத்துட்டு வர மூணு நாள் ஆக்குறாங்க. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.”

“சார், பணம் இன்னும் வர்லியே?”

“பேங்க் லெட்டரைப் படிங்க. பணம் வந்து பேங்க்ல நிக்குது. பார்சல் அனுப்பின ரசீது நம்பரைக் கொடுத்த அடுத்த நிமிஷம் உங்க கணக்குல விழும்.”

“அந்தக் கடுதாசி நெசமான்னு எப்பிடி சார் தெரியும்?”

நியாயமான கேள்வி என்று சுகுமாரும் ஒப்புக்கொண்டார். அதற்குத்தானே நடைமுறை இருக்கிறது? பிரிண்டை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸுக்குக் கெஜட்டட் ஆபீசரிடம் சான்றொப்பம் வாங்கி வரச் சொன்னார். ஊரில் எந்த நேரமும் கையில் கிடைக்கிற கெஜட்டட் ஆபீசர் மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான். சனாவுல்லா போனபோது அவர் ஒரு சினைப் பசுவிடம் தோள்வரை ஈடுபட்டிருந்தார். ஒரு கையை வெளியே எடுத்து, கழுவி, பிரிண்டையும் ஜெராக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். ஒன்பது ஆவணம், மூன்று பிரதி, இருபத்தேழு சீல். பசு நடுவில் ஒரு தடவை உதைத்தது.

அந்தப் பச்சை மையைப் பார்த்ததும் சுகுமார் சந்தேகத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார். “இனிமே இதைச் சந்தேகப்பட்டா, ஒரு கெஜட்டட் ஆபீசரைச் சந்தேகப்பட்ட மாதிரி. செய்யலாமா பாய்?”

செய்யலாம் என்று சொல்லச் சனாவுல்லாவுக்கு நாக்கு துடித்தது. அதற்குள், கூடவே வந்து வாசலில் நின்றிருந்த குல்சும் உள்ளே வந்துவிட்டாள்.

“சார், நாங்க துணி தெய்க்கறவங்க. எவ்ளோ பெரிய எடத்து ஆளா இருந்தாலும், ரவிக்கய மடிச்சி கைல வெச்சிக்கினுதான் காசு கேப்போம். காசு வந்தப்புறம்தான் ரவிக்க கைமாறும். இவ்ளோதான் சார் எங்களுக்குத் தெரிஞ்ச யாவாரம். பெருநகர்க்காரரு காசோட வந்தாரு, தொரத்திட்டீங்க. இந்த லண்டன்காரன் மூஞ்சக்கூட நாம பாக்கல.”

“போட்டோ பார்த்தோமே அம்மா,” என்றார் சுகுமார் பொறுமையாக. “நாய்கூட இருக்கு.”

கேமராவைக் குழுக்காரர்களே விரைவுத் தபாலில் அனுப்பினார்கள். நாலு அரக்கு சீலும் உடையாமல், குழுவின் முத்திரையோடு, சனாவுல்லா தைத்த பையில் அது டில்லிக்குப் போனது. தபால் செலவைக் குழுவே ஏற்றது. அந்தப் பெருந்தன்மையை யாரும் மறுக்க முடியாது.

அடுத்த நிமிஷம் பணம் விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. அடுத்த வாரமும் இல்லை. சனாவுல்லா தினம் காலையில் பேங்குக்கும், மத்தியானம் ஏசுதாஸ் கடைக்கும், சாயங்காலம் கிடங்குக்குமாக அலைந்தார். டாக்டரிடமிருந்து கடிதம் மட்டும் ஒழுங்காக வந்தது. வேறு யாராவது ஏதாவது விற்கிறார்களா என்று விசாரித்திருந்தார். மற்ற நாற்பது விண்ணப்பதாரர்களின் பெயர், விலாசம், போன் நம்பர், பேங்க் கணக்கு எண் எல்லாம் அடங்கிய பட்டியலைக் குழு அவருக்கு அனுப்பிவைத்தது. சான்றொப்பத்தோடு.

மே பத்தாம் தேதி சனாவுல்லா பள்ளிக்கூடத்துக்குப் போனார். கையில் மிஷின் இல்லை. “இன்னும் ஒரு வாரம் டயம் குடுங்க மேடம்” என்று கேட்டார். பாக்கியமேரி ஒரு நாள் கொடுத்தார். அவருக்கும் மனசில்லைதான், ஆனால் ஜூன் மாதம் பசங்கள் எதையாவது உடுத்திக்கொண்டு வர வேண்டுமே. பதினோராம் தேதி சாயங்காலம் ஆர்டர் வாலாஜாபாத்துக்குப் போனது. அன்றைக்கு வீட்டில் குல்சும் தலை நிமிராமல் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் சனாவுல்லா தாங்கியிருப்பார்.

அதற்கடுத்த வாரம்தான் விழா வந்தது. குழுவின் முதல் வெற்றிகரமான விற்பனையைக் கொண்டாட வேண்டாமா? அழைப்பிதழில், ‘சிறப்பு விருந்தினர்: டாக்டர் வில்லியம்ஸ், லண்டன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். வருகிறேன் என்றுதான் அவரும் எழுதியிருந்தார். விமான டிக்கெட்டுக்கு முன்பணம் கேட்டார், விழிப்புணர்வு நிதியிலிருந்து அதையும் அனுப்பினார்கள். ஏனோ வரவில்லை. மேடையில் நடு நாற்காலிக்கு மாலை போட்டு, அவருடைய வாழ்த்துச் செய்தியை வாசித்தார்கள்.

சுகுமார் மைக்கைப் பிடித்தார். “நம் குழுவிடம் விண்ணப்பித்தவர் நாற்பத்தொரு பேர். இதில் நாற்பது பேர் பொருளை விற்கவே முடியவில்லை. எனவே அவர்கள் ஏமாறவில்லை. ஒருவர் விற்றார். அவர் நம் நடைமுறைப்படி விற்றார். நம் நடைமுறைப்படி விற்றவர் ஏமாற வழியே இல்லை என்பதால், அவரும் ஏமாறவில்லை. ஆகவே நமது வட்டாரத்தில் மோசடி இன்றைய தேதியில் பூஜ்யம்!” கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சனாவுல்லாவைக் கூப்பிட்டு, ‘ஏமாறாதவர்’ என்ற சான்றிதழைக் கொடுத்து, ஒரு பொன்னாடையும் போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்தது வந்துவிட்டது.

“சார்... எனுக்கு கேமராவும் இல்ல. காசும் வர்ல. மிஷினும் வாங்கல. ஆர்டரும் பூட்ச்சி. என்ன ஏமாத்திட்டாங்க சார்.”

சுகுமார் மைக்கை மெதுவாக வாங்கினார். “பாத்தீங்களா? பொருளும் இல்ல, பணமும் இல்ல, ஆசையும் இல்ல. எல்லாத்தையும் விட்டுட்டு நிக்கிறார். இப்படிப்பட்ட மனுஷனை இனிமே எவன் ஏமாத்த முடியும்?”

மறுபடியும் கைதட்டல். அந்தச் சத்தத்தின் நடுவே கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மேடையைப் பார்த்து வேகவேகமாக வந்தார். சின்னராசு. கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். மூன்று வாரம் அலைந்து, பேங்க் கடிதம், இரண்டு சாட்சி, போட்டோ, எல்லாவற்றிலும் மாட்டு டாக்டரின் பச்சைக் கையெழுத்து என்று ஒன்பதையும் சேர்த்துவிட்டார்.

“எல்லாம் கீது பாரு,” என்று மேடைமேல் வைத்தார். “காசும் கீது. இப்பவாவது கேமராவக் காட்டு பாய்.”

சனாவுல்லாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுகுமார் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். குறையே இல்லை என்று மனசாரப் பாராட்டினார். பொருள் விற்றுவிட்டது, இருந்தாலும் ஆவணங்கள் வீண்போகக் கூடாது என்று, சின்னராசுவுக்கு ‘வாங்கத் தகுதியுள்ளவர்’ என்று ஒரு சான்றிதழை அங்கேயே எழுதிக் கொடுத்தார். சின்னராசு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்பா, இத்தக் காட்டுனா எங்க பக்கத்து நெலத்துக்காரன் வரப்ப வெட்டாம இருப்பானா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

வீட்டில் குல்சும் அந்தப் பொன்னாடையை விரித்துப் பார்த்தாள். ஜரிகை பளபளத்தது. ஓரத்தை விரலால் தடவினாள். ஓரம் அடிக்காத துணி. இழுத்த இழுப்புக்கு நூல் நூலாகக் கையோடு வந்தது. அதை அவர் மடியில் போட்டாள். அப்போதுதான் சனாவுல்லாவுக்கு அழுகை வந்தது. வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு அழுதார். குல்சும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “போவுது வுடுங்க” என்று முதுகைத் தடவினாள்.

ஜூன் மாதம் இரண்டாம் வாரம், பட்டப்பகல் பதினோரு மணிக்கு, கடை வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. சுகுமார் இறங்கினார். பின்னால் பியூன், தோளில் ஒரு மூட்டையோடு.

“பாய், நல்ல சேதி. அந்த நாற்பது பேர் சாமானும் ஒரே மாசத்துல வித்துப்போச்சு. எல்லாம் டாக்டர்தான் வாங்கினார். என்னா தாராள மனசு! நாற்பது பேருக்கும் விழா எடுக்கிறோம். போன தடவை மேடையில போர்த்தும்போதே பொன்னாடை ஓரம் பிரிஞ்சுதுன்னு ஒரு புகார் வந்தது. அதனால இந்த நாற்பதுக்கும் நல்லா ஓவர்லாக் அடிச்சுக் கொடுத்துடுங்க. கூலிக்கு உத்தரவு வந்ததும் தந்துடுறோம்.”

சனாவுல்லா கத்தரியைக் கீழே வைத்தார். “ஓவர்லாக் மிஷினு எங்கிட்ட இல்ல சார்.”

“இல்லையா?” சுகுமாருக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. வாசலில் நின்றபடியே கடையைச் சுற்றிப் பார்த்தார். “இத்தனை வருஷ அனுபவம், ஒரு ஓவர்லாக் மிஷின் இல்லாம இருக்கலாமா பாய்? வீட்ல ஏதாவது பழைய சாமான் சும்மா கிடக்கும். நெட்டுல போட்டு வித்து ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா? பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்.”

உள்ளே பட்டன் வைத்துக்கொண்டிருந்த குல்சும் எழுந்தாள். வாயில் கடித்திருந்த நூலைத் துப்பினாள். பியூன் உள்ளே வைத்த மூட்டையைத் தூக்கி வெளியே அவன் காலடியில் போட்டாள். அப்புறம் எக்கி, ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்து, சுகுமாரின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் தரைவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.